முப்பத்தெட்டாவது சிரிப்பு

ஆவுடையப்பன் நான்கு மொழிகளில் இருநூற்றுப் பதினாறு படங்கள் நடித்தவர். ராஜா, குஷ்டரோகி, நீதிபதி, பிச்சைக்காரன் என்று அவர் போடாத வேஷம் இல்லை. முப்பத்தேழு படங்களில் செத்திருக்கிறார். அன்று காலை முப்பத்தெட்டாவது சாவு.

நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணி. அப்படியே பெஞ்சில் படுத்திருந்தார். லைட் ஆட்கள் விளக்குகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா கண்ணை மூடினா ஈ கூட ஏமாந்துடும்" என்றார் உதவி இயக்குநர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாசிலாமணி சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆவுடையப்பனிடம் நடிப்புத் தொழில் கற்றவன். வயது நாற்பத்துநான்கு. இன்று படத்தில் அவருடைய மகனாக, அந்த உடம்பின் மேல் விழுந்து அழ வேண்டும். அவன் மனைவி செண்பகவல்லி இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

குனிந்து அவர் காதருகே சொன்னான்.

"அண்ணே, இந்த ஷாட்டோட நான் நடிப்பை நிறுத்திக்கிறேன்."

பிணம் கண்ணைத் திறக்காமல் கேட்டது. "ஏன்டா?"

"செண்பகத்தைக் கிடத்தியிருந்தப்போ அழுதேன். அழுதுக்கிட்டே வலது பக்க முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அந்தப் பக்கம்தான் எனக்கு எடுப்பா இருக்கும்னு நீங்க சொல்லிக் கொடுத்தது. யாரும் திரும்பச் சொல்லல. தானாத் திரும்பிட்டேன்."

மாசிலாமணி பிணத்தின் நெற்றியில் நழுவிய காசைச் சரிசெய்தான்.

"பதினேழு வருஷம் என்னோட குடும்பம் நடத்தினவ, அண்ணே. அவளுக்காக அழுதேனா, நடிச்சேனா? நீங்கதான் சொல்லணும்."

"பேசினா பஞ்சு விழுந்துடும். அப்புறம் சொல்றேன்."

கேமரா ஓடியதும் மாசிலாமணி அவர் மேல் விழுந்து அழுதான். மூன்றாவது டேக்கில் ஓகே ஆயிற்று.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கேமரா ஓடும்போதே எழுந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும். படத்தில் அது வராது. வராவிட்டாலும் எடுத்தே தீருவார்கள். நடித்த சாவு நடித்தவரோடு வீட்டுக்குப் போகக் கூடாது அல்லவா?

"ஐயா, சிரிப்பு!"

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். பஞ்சை உருவிப் போட்டார். கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. மாசிலாமணி அவர் கால் கட்டை அவிழ்க்கக் கீழே உட்கார்ந்தான்.

"அண்ணே, நான் கேட்டது..."

"எனக்குப் பொன்னின்னு ஒரு மக இருந்தா. ஒன்பது வயசுல போயிட்டா. நீ என்கிட்ட வர்றதுக்கு முந்தி."

"சொன்னதே இல்லையேண்ணே."

"எல்லாம் முடிஞ்சு, தூக்குற நேரம். என் மச்சான் குனிஞ்சான். நான் கையை நீட்டித் தடுத்தேன்."

முடிச்சில் மாசிலாமணியின் விரல்கள் நின்றன.

"'இருப்பா, புள்ள இன்னும் சிரிக்கல'ன்னேன்."