வரியனின் நூறாவது சுற்று

"நாற்பத்தொன்று! நாற்பத்திரண்டு!"

ஏரியைச் சுற்றிப் பறந்துகொண்டே எண்ணினான் வரியன் என்ற வாத்து. குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வந்த கூட்டம் அவனுடையது. இன்னும் பத்து நாளில் பனிமலையைத் தாண்டி வடக்கே திரும்ப வேண்டும். முன்னால் பறந்து வழிகாட்டும் இடம் இந்த ஆண்டு தனக்கே கிடைக்க வேண்டும் என்று வரியனுக்கு ஒரே வெறி!

மற்ற வாத்துகளோ காலையில் கொஞ்சம் பறந்தன. பிறகு வயிறு முட்ட மேய்ந்தன. நடுப்பகலில் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு குறட்டை விட்டன.

"இதுகள் மலையைத் தாண்டின மாதிரிதான்!" என்று வரியன் சிரித்தான்.

அவன் தங்கை செங்காலி கூப்பிட்டாள். "அண்ணா, நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு!"

"தூங்கிக் கிடந்தால் எவன் முன்னால் பறப்பான்? போடி!"

கரையில் ஒரு குள்ளநரி உட்கார்ந்து தாளம் போட்டது. "ஆகா! நீயல்லவா வீரன்! வலிக்கிறதா? வலிக்கட்டும்! இன்னும் பத்துச் சுற்று!"

வரியனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. நரி சும்மாவா ஏரிக்கரைக்கு வரும்? அதை மட்டும் அவன் யோசிக்கவே இல்லை.

ஏழாம் நாள் அவன் வயிறு ஒட்டிப்போனது. மார்புச் சதை வற்றிப்போனது.

"பார்த்தாயா செங்காலி, உடம்பு எவ்வளவு லேசாகிவிட்டது!"

"இளைத்துப்போயிருக்கிறாய் அண்ணா! மலைமேல் மேய என்ன இருக்கிறது? இங்கே உடம்பில் சேர்த்த கொழுப்புதானே அங்கே நமக்குச் சாப்பாடு!"

கேட்டால்தானே! ஒன்பதாம் நாள், நூறு சுற்று என்று சபதம் போட்டுக் கிளம்பினான். தொண்ணூற்றெட்டு... தொண்ணூற்றொன்பது... சிறகு மரத்தது. கண் இருட்டியது. தொப்பென்று நரியின் காலடியிலேயே விழுந்தான்!

"நண்பா, தூக்கிவிடு!"

"தூக்கத்தானே ஒன்பது நாளாகக் காத்திருக்கிறேன்!" என்று நரி வாயைப் பிளந்தது.

சடசடவென்று ஓர் இரைச்சல்! நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கியிருந்த செங்காலி பாய்ந்து வந்து, நரியின் மூக்கில் சிறகால் ஓங்கி அறைந்தாள். பின்னாலேயே கூட்டம் முழுவதும் திரண்டு வந்தது. அடி தாங்காமல் நரி ஊளையிட்டபடி ஓட்டம் பிடித்தது.

கூட்டத்தின் தலைவி வரியனைத் தடவிப் பார்த்தாள். "இவனை விட்டுப் போனால் நரிக்கு விருந்து. கூட்டிப் போனால் பாதி மலையில் விழுவான். பத்து நாள் கழித்தே கிளம்புவோம்! அதற்குள் கோடை வெயில் ஏறினால் ஏறட்டும்!"

தன்னால் எல்லோருக்கும் தாமதம் என்று வரியன் வெட்கிப்போனான். அந்தப் பத்து நாளும் சொன்ன பேச்சைக் கேட்டான். மேய்ந்தான், தூங்கினான், காலையில் நாலே சுற்றுப் பறந்தான். வலி போனது. சதை பிடித்தது.

பனிமலை வந்தது. என்ன குளிர்! என்ன காற்று! முன்னால் பறந்தவள் செங்காலி. வரிசையின் கடைசியில் வரியன். ஆனால் ஒரு முறைகூட அவன் சிறகு தளரவில்லை. உச்சியைத் தாண்டியதும் ஆனந்தம் தாங்காமல் கத்தினான்: "தாண்டிவிட்டோம் தங்கச்சி! தாண்டிவிட்டோம்!"

உழைத்த உடம்புக்கு உணவும் ஓய்வும் கொடுக்காதவன், எவ்வளவு பயிற்சி செய்தாலும் பலம் பெறமாட்டான்.