பருத்தி மொட்டின் பச்சை மடல்கள்

குளக்கரைக் காட்டில் ஒற்றைப் பருத்திச் செடி ஒன்று நின்றது. அதில் ஏழு மொட்டுகள். ஒரு தையல்சிட்டுக்கு அவற்றின் மேல்தான் கண். போன ஆண்டு பஞ்சு கிடைக்காமல் வெறும் நாரில் கூடு தைத்தது. குளிரில் முட்டையெல்லாம் கூமுட்டையாகிவிட்டது. இந்த முறையாவது பிள்ளைகளுக்குப் பஞ்சு மெத்தை போட வேண்டும் என்று தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

ஒவ்வொரு மொட்டையும் புல்லி இதழுக்கும் வெளியே மூன்று பச்சை மடல்கள் பொத்திக்கொண்டிருந்தன.

ஒரு நாள் முள்புதருக்குள்ளிருந்து ஓர் அந்துப்பூச்சி பேசியது. சிட்டின் அலகு எட்டாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இந்த மடல் எதுக்கு? பூவுமில்ல, காயுமில்ல. வெயில மறைச்சுக்கிட்டு நிக்குது. பிச்சுப் போட்டா பஞ்சு சீக்கிரம் வெடிக்கும்."

"கேக்காமலே வந்து சொல்றியே, உனக்கு நல்ல மனசு," என்றது சிட்டு.

நல்ல மனசுதான்! இலவச யோசனைக்கு மயங்காதவர் யார்? சிட்டு ஆறு மொட்டுகளின் மடல்களைக் கிழித்துப் போட்டது. அலகு வலித்ததால் ஏழாவதை விட்டுவிட்டது.

மொட்டுகள் பூத்தன, காய்த்தன. ஆறு காய்களிலும் ஓட்டை. உள்ளே அந்துப்பூச்சியின் புழுக்கள் சொகுசாகத் தின்றுகொண்டிருந்தன. ஏழாவது காய் மட்டும் முழுதாக இருந்தது. அதன் மடல்களில் எறும்புகள் ஊர்ந்தன.

"எறும்பண்ணே, இதுல மட்டும் ஏன் புழு இல்ல?"

"மடலுக்கு அடியில துளித் தேன் ஊறும். அதைக் குடிக்கத்தான் வர்றோம். சோறு போடுற வீட்டுல திருடன் நுழைஞ்சா விடுவோமா? மத்த ஆறுலயும் மடல் இல்ல, நாங்களும் போகல."

சிட்டுக்கு அழுகை வந்தது. "நான்தான் பிச்சேன் அண்ணே. இது ஒண்ணாவது எனக்குக் கிடைக்குமா?"

"நாங்க பாத்துக்கிறோம். நீ போய்க் கூடு தை," என்றது எறும்பு.

சொன்னபடியே காய் பத்திரமாக வெடித்தது. கொஞ்சம் பஞ்சுதான், ஆனால் ஒரு கூட்டுக்குப் போதுமானதாக இருந்தது. அதில் இட்ட மூன்று முட்டைகளும் பொரிந்தன.

அன்றே சிட்டு செடிக்குப் பறந்து வந்தது. எறும்புகளுக்கு நன்றி சொன்னது. பிறகு, பஞ்சு போய்க் காலியான ஏழாவது காயின் அடியில் காய்ந்து சுருண்டிருந்த மடல்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"உங்கள வீணுன்னு நெனச்சேன். இன்னைக்கு என் மூணு பிள்ளைங்களும் வாயைத் திறந்து பசிக்குதுன்னு கத்துதுங்க. அது நீங்க குடுத்தது," என்று தலை தாழ்த்தியது.

பூவைக் கொண்டாடுகிறவர்கள், அதை வெளியே நின்று காத்த மடலுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.