சோளங்காட்டுப்பட்டியார் உப்புச் செய்த கதை

சோளங்காட்டுப்பட்டி ஆட்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். தொல்லையே அதில்தான். மகள் கல்யாணத்தன்று பேச்சிமுத்து, "சமையல் சாமான் ஒண்ணு விடாம கழுவி வைங்கப்பா" என்றார். கழுவினார்கள். உப்பு மூட்டையையும் கிணற்றில் முக்கி முக்கிக் கழுவினார்கள். சாக்கு பளிச்சென்று வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பேச்சிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டில் குறை வந்தால் மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சம்பந்தி முன்பே சொல்லியிருந்தார். பக்கத்தில் நின்று கூடவே அழுதவர் மளிகைக்கடை அய்யாவு. கடையில் உப்பு நிறையக் கிடந்தது. ஆனால் கல்யாணத்துக்காகக் கடைக்கு லீவு விட்டிருந்தாரே, லீவு நாளில் எப்படித் திறப்பது?

கல்யாணத்துக்கு வந்திருந்த அறிவியல் வாத்தியாரிடம் ஓடினார்கள். "சார், உப்பு எப்படி உண்டாகுது?"

கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "சோடியம் அணுவுக்கு வெளிவட்டத்துல ஒரு எலக்ட்ரான் கூடுதலா நிக்கும். குளோரினுக்கு ஒண்ணு குறையும். இது குடுக்கும், அது வாங்கும். குடுத்தது பிளஸ், வாங்கினது மைனஸ். அப்படி ஆனதுக்குத்தான் அயனின்னு பேரு. ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்து ஒட்டிக்கும். அதான் உப்பு." சொல்லிவிட்டுப் பந்தியில் இடம்பிடிக்கப் போய்விட்டார்.

கூடிப் பேசினார்கள். கூட்டத்தில் நின்ற தவசியின் தோளில் துண்டு ஒன்று கூடுதலாகக் கிடந்தது. பக்கத்தில் நின்ற சுடலைமணி தோளில் துண்டே இல்லை. தவசி ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

அய்யாவுக்குச் சந்தேகம். "குடுத்தவன்கிட்டதானே குறையுது? அவன் எப்படிடா பிளஸ்?"

"மொய் வைக்கிறப்ப மைக்குல யாரு பேரைச் சொல்றாங்க?" என்றான் தவசி. "குடுத்தவன் பேரைத்தானே?"

அதுவும் சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனால் இருவரும் ஒட்டவில்லை. போன வருஷத்து வாய்க்கால் தகராறு இன்னும் தீரவில்லை. தாம்புக்கயிற்றால் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, சீக்கிரம் ஒட்டட்டும் என்று அடுப்போரம் நிறுத்தினார்கள். வேர்த்துக் கொட்டியது. பேச்சிமுத்து தவசியின் கையைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ, கரிக்குதுடா! உப்பு ஆயிடுச்சுடா! எம்மக பொழைச்சா!"

அதற்குள் பந்தி உட்கார்ந்தாகிவிட்டது.

"ரெண்டு பேரையும் சாம்பார்ல போட்டா கரிச்சுப்போகும்" என்றார் அய்யாவு. "இலையிலேயே வச்சுருவோம். முதல்ல வைக்கிறது உப்புத்தானே?"

அப்படியே தூக்கிவந்து, சம்பந்தி இலையின் ஓரத்தில் இருவரையும் கிடத்தினார்கள்.

சம்பந்தி வாயைப் பிளந்தார். "என்னய்யா இது?"

பேச்சிமுத்து பணிவாகக் கைகூப்பினார். "உப்புங்க சம்பந்தி. கூச்சப்படாமத் தொட்டுக்குங்க. பத்தலைன்னா சொல்லுங்க, இன்னும் ரெண்டு பேரைக் கட்டச் சொல்றேன்."