பசீலின் மதியச் சாப்பாடு

மந்திரவாதியின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடக் கூடாது. கிளி விஷயம் வெப்ப நாட்டு மந்திரவாதிகளுக்கு மட்டுமே பொருந்தும். குளிர் நாட்டில் கிளி தாங்காது. அங்கே ஏற்பாடு வேறு.

வெகு காலத்துக்கு முன், பிரான்சில் ராஜாக்கள் இருந்த நாளில், லுவார் நதிக்கரையில் பசீல் என்ற மந்திரவாதி ஒரு தோட்டம் வைத்திருந்தான். அங்கே பேரிக்காய் மரங்களைக் கை விரித்தாற்போலச் சுவரோடு கயிறு கட்டி வளர்த்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படகோட்டி லுபேன் அந்த வழியே வந்து, கேட்காமல் ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தான். மெல்லுவதற்குள் அவனும் அந்தச் சுவரில் ஒரு மரமாகிவிட்டான்.

அவன் தங்கை பெரின் படகிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணன் செய்தது தப்புதான் ஐயா. அவனை விட்டுவிடுங்கள்."

"விடலாம்," என்றான் பசீல். "பெல்ரீவ் சந்தையிலிருந்து ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மோன்க்ளேர் சந்தையிலிருந்து முலாம்பழம், ஷவான் சந்தையிலிருந்து அக்ரூட் கேக். மூன்றும் இன்று சூரியன் மறைவதற்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கிளை கழிக்கும்போது இவனையும் கழிப்பேன். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறான்."

பெரின் படகை எடுத்தாள். பெல்ரீவில் கடைக்காரி கேட்டாள்: "இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா?"

"இன்றைக்கு."

கடைக்காரி பத்துக் கட்டிகளை அழுத்திப் பார்த்து ஒன்றைக் கொடுத்தாள்.

மோன்க்ளேரில் பழக்காரன் கேட்டான்: "எத்தனை மணிக்கு அறுப்பாய்?"

"சாயங்காலம்."

அவன் பத்துப் பழங்களை மோந்து பார்த்து ஒன்றைக் கொடுத்தான்.

ஷவானில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சந்தைத் திடல் காலியாகக் கிடந்தது. மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. நீரூற்றின் மேலிருந்த கல் பூனை சோம்பல் முறித்தது.

"இங்கே சந்தை வெள்ளிக்கிழமை," என்றது பூனை. "பசீல் எல்லாரையும் செவ்வாயில்தான் அனுப்புவான்."

"நீ கல் இல்லையா?"

"பன்னிரண்டு வரை கல். அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவன் மந்திரமும் ஓய்வெடுக்கும். சாப்பிட்டு முடித்து, வாய் துடைத்து, துணியை மடித்து, 'தொடரட்டும்' என்பான். நான் மறுபடியும் கல். இப்படிப் பதினொரு வருஷம்."

"சொல்ல மறந்தால்?"

"பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் போட்ட மந்திரமெல்லாம் கலைந்துவிடும். மறக்க மாட்டான். இரண்டு மணிக்குச் சாப்பாடு முடியும், சொல்வான்."

"சாப்பாடு முடியாவிட்டால்?"

பூனை நக்கிக்கொண்டிருந்த காலைக் கீழே வைத்தது.

அக்கரையில்தான் பசீலின் தோட்டம். பெரின் போனபோது அவன் இறைச்சியை முடித்திருந்தான். லுபேன் மனிதனாக, ஆனால் கயிறுகளோடு, சுவரில் நின்றான்.

"கேக் எங்கே?" என்றான் பசீல்.

"முதலில் கட்டியைப் பாருங்கள் ஐயா. இன்றைக்கென்று கேட்டு வாங்கினேன்."

அவன் பார்த்தான். புது ரொட்டியை எடுத்து அறுத்தான். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு முலாம்பழத்தை மோந்தான்.

"இது ஐந்து மணிப் பழம். இப்போது அறுப்பது பாவம்."

ஐந்து மணி வரை மேஜையிலேயே காத்திருந்தான். அறுத்தான், சாப்பிட்டான், வாய் துடைத்தான். துணியை மடிக்கப் போனான்.

"கேக் கிடைக்கவில்லை," என்றாள் பெரின். "கிடைத்தாலும் வீண்தான். எங்கள் ஊரில் அதில் தேன் ஊற்றுவார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லையாமே."

மடிக்கப் போன கை பாதியில் நின்றது.

"தேனா?"

"நிறைய."

"தேன் ஊற்றினால் அது கேக்கே இல்லை. உட்கார், சொல்கிறேன்."

அக்ரூட்டை எந்த மாதம் உலுக்க வேண்டும் என்பதில் தொடங்கினான். மாவுக்கு வரவே ஏழு மணி ஆயிற்று. வெண்ணெயை முடித்து மூச்சு வாங்கியபோது, சுவரிலிருந்து லுபேன் சொன்னான்: "தேனோடு கொஞ்சம் சோம்பும் போடுவோம்."

பசீல் பாதி மடித்த துணியைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அவன் சொல்லி முடித்தபோது கயிறுகள் அவிழ்ந்து தரையில் கிடந்தன. சூரியன் ஆற்றுக்கு அப்பால் இறங்கியிருந்தது.

"தொடரட்டும்," என்றான் பசீல்.

எதுவும் தொடரவில்லை. அண்ணனும் தங்கையும் படகில் ஏறினார்கள். வழியில் ஷவான் கரையில் பூனையையும் ஏற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பசீல் எதுவும் சாப்பிடவில்லை; மந்திரம் போன கவலையில் அல்ல, மதியச் சாப்பாட்டுக்குப் பசி வேண்டுமே என்றுதான்.