கோல் கீப்பரின் பயோடேட்டா

"என் பயோடேட்டாவில் என்ன குறை, மேடம்?" என்று வியாகப்பன் கேட்டார்.

தலைமைப் பயிற்சியாளர் ஆன்சலின் காகிதத்தை நான்காக மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல இன்னும் ஆள் வரலையே, அண்ணே."

சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

வியாகப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. ஆன்சலினுக்கு முப்பத்து நான்கு. கடலோரத்தில் இருந்த அந்தச் சமுதாயக் கல்லூரியின் கால்பந்து அணிக்கு, கோல் கீப்பர்களைப் பழக்க வந்து அவருக்கு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் காவலுக்கு நின்றவர். புல்லில் கால் வைத்த முதல் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மாவட்டப் போட்டிக்குக் கல்லூரி ஒரு சிறப்பு மலர் போடுவதாக இருந்தது. பயிற்சியாளர்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எங்கே பிறந்தோம், என்ன வேலை பார்த்தோம், ஆட்டத்துக்கு எப்படி வந்தோம் என்று. அந்தப் பக்கத்தைத்தான் ஆன்சலின் கல்லூரி முதல்வரிடமும் கொடுப்பார். கொடுத்தால் வேலை நிரந்தரம்.

வியாகப்பன் வீட்டுக்குப் போய் மறுபடி எழுதினார். மில் அணியில் பதினொரு வருஷம், நான்கு கோப்பை, ஒரே தொடரில் ஏழு பெனால்டி தடுத்தது, மந்திரி கையால் வாங்கிய மெடல், எல்லாம் வந்தன. மகள் அழகான கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தாள்.

ஆன்சலின் நின்றுகொண்டே படித்தார். மடித்தார். கொடுத்தார்.

"ஆள் வரலை, அண்ணே."

வியாகப்பன் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கடைசி ஃபைனலில், ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, குழந்தைகூடப் பிடிக்கிற பந்து ஒன்று அவர் கையை நழுவி உள்ளே போனது. மறு மாதம் மில் அவரை நிறுத்திவிட்டது. இந்தப் பெண்ணுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அதையும் எழுதினார்.

இந்த முறை ஆன்சலின் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்தும் காகிதத்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

"இதை எழுதுறதுக்கு மனசு வேணும். ஆனா ஆள் இன்னும் வரலை."

வியாகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. மற்றவர்கள் அப்படி என்னதான் எழுதிக் கிழித்திருக்கிறார்கள், காட்டுங்கள் என்றார். ஆன்சலின் தயங்காமல் மூன்று காகிதங்களையும் எடுத்து நீட்டினார்.

ஓட்டப் பயிற்சி தரும் செல்லப்பாண்டி ஐஸ் கம்பெனியில் கட்டி உடைத்தவர். அவருடைய பக்கம் இப்படித் தொடங்கியது: 'மேஸ்திரி அல்போன்ஸ் ஆறு வருஷம் எனக்கு விடிகாலை ஷிப்ட் போடவில்லை. அதனால் நான் ஓட முடிந்தது.'

அடிபட்டவர்களைக் கவனிக்கும் ஷகிலா ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைத்தவர். 'எலும்பு வார்டு சிஸ்டர் நிர்மலா கட்டுப் போடும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார். விலகு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.'

மூன்றாவது ஆன்சலினுடையது.

'நானும் அக்கா ஜெசிந்தாவும் ஸ்டிரைக்கர்கள். அக்கா என்னைவிட நன்றாக ஆடுவாள். பயிற்சியாளர் படிப்புக்கு வீட்டிலிருந்து ஒருத்திதான் போக முடியும் என்றபோது, அவள் இறால் கம்பெனிக்குப் போனாள்.'

வாங்கிய கோப்பைகளெல்லாம் அதற்குக் கீழே ஒரே வரியில் இருந்தன.

வியாகப்பன் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவங்களுக்கெல்லாம் ஆள் கிடைச்சாங்க. எனக்கு யாரும் இல்லை, மேடம். நான் தனியா வளர்ந்தவன்."

"அப்படியா," என்றார் ஆன்சலின்.

விசில் ஊதி, ஆடிக்கொண்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார். ஒரு பந்தை மட்டும் பெனால்டி புள்ளியில் வைத்தார்.

"கிளவுஸ் போட்டுக்கிட்டு கோல்ல நில்லுங்க, அண்ணே. கொஞ்ச நேரம் பழகுங்க."

வியாகப்பன் போய் நின்றார். முட்டியை மடக்கி, கைகளை விரித்து, பந்தின் மேல் கண்ணை வைத்தார். ஆன்சலின் ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மைதானத்தில் வேறு யாரும் இல்லை. பந்து வைத்த இடத்தில் கிடந்தது.

பத்து நிமிஷம் போனது. கடற்காற்றில் வலை ஆடியது. பந்து ஆடவில்லை.

இருபது நிமிஷம். முதுகு வலித்தது. தன்னைக் கேலி செய்கிறாரோ என்று தோன்றியது.

"யாராவது அடிச்சாத்தானே மேடம் பிடிக்க முடியும்?" என்று கத்தினார்.

ஆன்சலின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

விரித்திருந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

தொம்மை.

மில் அணியின் இரண்டாவது கோல் கீப்பர். விடிந்ததும் விடியாததுமாக வந்து வியாகப்பனுக்கு நூறு பந்து அடிப்பான். இடப்பக்கம் ஐம்பது, வலப்பக்கம் ஐம்பது. வியாகப்பனுக்கு ஒரு நாளும் அடிபட்டதில்லை. ஆகவே பதினொரு வருஷத்தில் தொம்மை ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினான். கம்பத்தைப் போல, வலையைப் போல, அவனும் அங்கே இருக்கிற ஒன்று என்றுதான் வியாகப்பன் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். மில் இருந்த ஊரில் மூன்று இடத்தில் விசாரித்து, குடிநீர் கேன் ஏற்றும் கொட்டகை ஒன்றில் அவனைக் கண்டுபிடித்தார். அவர் முகத்தை அடையாளம் காண்பதற்கு முன் தொம்மையே அவரைக் கண்டுகொண்டான். தோளில் இருந்த கேனை இறக்கினான்.

"வாலே வியாகு."

பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தான். டீ வாங்கி வந்தான். முட்டி எப்படி இருக்கிறது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்டான். இடப்பக்கம் விழும்போது இன்னமும் அரை விநாடி லேட்தானா என்று கேட்டுச் சிரித்தான். அது வியாகப்பனின் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத குறை.

வியாகப்பன் வந்த விஷயத்தைத் தொடங்கினார். தொம்மை கையைத் தூக்கி நிறுத்தினான்.

"முதல்ல நான் சொல்லிடறேன். பதினெட்டு வருஷமா நெஞ்சுல கிடக்கு. ஃபைனலுக்கு முந்தின வாரம் எனக்கு அம்மை போட்டிருந்துச்சு, வர முடியல. உனக்கு யாரும் பந்து அடிச்சிருக்க மாட்டாங்க. நான் வந்திருந்தா அந்தப் பந்து உன் கையை விட்டுப் போயிருக்காதுலே. என்னை மன்னிச்சுக்க."

அந்த வாரம் அவன் வரவில்லை என்பதே வியாகப்பனுக்கு இப்போதுதான் தெரியும்.

தொம்மையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேன் தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன கைகள். தொம்மை கூச்சத்தோடு நெளிந்தான். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வியாகப்பன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தார். தலைப்பில் 'தொம்மை' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"உன் முழுப் பேரு என்னலே?"

"எதுக்கு?"

"பதினொரு வருஷமும் கேக்காம இருந்துட்டேன்."