பின்னால் போகாத கார்

புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு வில்லாங்குளத்து அண்ணன் தம்பி மூன்று பேரும் ஊரில் இல்லை போலிருக்கிறது. மூத்தவன் பெத்தணன், நடுவுள்ளவன் சீனியப்பன், இளையவன் குருவையா. நல்ல பிள்ளைகள். சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதில்தான் வந்தது.

செல்போன் வராத காலம் அது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய கார் வைத்திருந்தார்கள். ஒரே தங்கச்சி சித்திரைக்கனிக்கு மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். கியர் மாற்றினால் கார் கறகறவென்று கத்துகிறதே என்று, முதல் நாள் ஜபருல்லா பாய் பட்டறைக்குக் கொண்டு போனார்கள்.

பாய் கியர் பெட்டியைத் திறந்து பார்த்தார். கறுத்துப் போன ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“கியர் கம்பி மேல கையை வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க, உள்ளே தேய்ஞ்சு போகும். கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க, அதுவும் தேய்ஞ்சு போகும். ரிவர்ஸ் சக்கரத்துல ரெண்டு பல்லு போயிருச்சு. புதுசு மதுரையில இருந்து வரப் பத்து நாளாகும். அது வரைக்கும் முன்னால எத்தனை மைல் வேணும்னாலும் போங்க. பின்னால மட்டும் போயிராதீங்க.”

மூன்று பேரும் பயபக்தியாகத் தலையை ஆட்டினார்கள். பாய்க்கு இவர்களை அவ்வளவாகத் தெரியாது, பாவம்.

மறுநாள் காலை கார் கிளம்பியது. கியர் கம்பி மேல் கை வைக்கக் கூடாதே! சீனியப்பன் அதில் ஒரு துண்டைக் கட்டிப் பின் சீட்டில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். இழுப்பதற்குத் துண்டு, தள்ளுவதற்கு ஒரு விறகுக் கட்டை. கிளட்ச் மேல் கால் வைக்கக் கூடாதே! குருவையா பெத்தணனின் காலடியில் தலைகீழாகக் கவிழ்ந்து, அதைக் கையால் அமுக்கினான். ஸ்டியரிங் பெத்தணனுக்கு.

“அமுக்குடா! அண்ணன் சொல்றேன், அமுக்கு! சீனி, இழு! ஐயோ, அவன் காதை இல்லடா, துண்டை இழு!”

இப்படியே ஆறு மைல். வழியில் போனவர்களெல்லாம் உள்ளே சொத்துத் தகராறு என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

தங்கச்சி புருஷன் அழகர்ராஜின் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. கார் நேராக உள்ளே போய்ச் சுவரை முத்தமிடாத குறையாக நின்றது. வளைகாப்பு ஜோராக நடந்தது. ஏழு வகைச் சோறு. மூன்று பேரும் ஏழையும் இரண்டு தடவை சாப்பிட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

நாலு மணிக்கு மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்: “விளக்கு வைக்கிறதுக்குள்ள பிள்ளை உங்க வீட்டு வாசப்படி ஏறிரணும் தம்பி. இன்னைக்கு விட்டா நல்ல நாள் இல்லை. அப்புறம் பிரசவம் இங்கதான்.”

சித்திரைக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் நல்லவர்தான், ஆனால் அவர் வைக்கிற ரசம் வெந்நீர். தலைப்பிரசவம், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் எத்தனை மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்! கடைசி பஸ்ஸும் போய்விட்டது. வளையல் குலுங்க வந்து காரில் ஏறினாள்.

கார் நகரவில்லை. அண்ணன்கள் மூன்று பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பின்னால போகக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்கார்” என்றான் பெத்தணன்.

“அப்ப சுவரை இடிச்சிட்டு முன்னால போவோம்” என்றான் சீனியப்பன்.

“சுவருக்கு அந்தப் பக்கம் கிணறுல்ல இருக்கு!”

“கிணறும் முன்னாலதானே அண்ணே இருக்கு?”

“முன்னாலதான். ஆனா கார் கீழே போயிருமே. கீழே போகலாமான்னு நாம பாயைக் கேக்கலையே” என்றான் குருவையா.

கேட்காமல் வந்தது தப்புதான் என்று மூன்று பேரும் வருத்தப்பட்டார்கள்.

அழகர்ராஜுக்குப் பொறுமை போய்விட்டது. “மச்சான், கியரே போட வேண்டாம். நியூட்ரல்ல விடுங்க, நாங்க பின்னால தள்ளுறோம்.”

“பாய் தள்ளிக்கிட்டுப் போகலாம்னு சொல்லலையே மாப்ளை. பின்னால போகாதேன்னா போகாதேதான்.”

மணி நாலரை. இருபத்திரண்டு வருஷம் இவர்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் சித்திரைக்கனி. இவர்களிடம் நியாயம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“அண்ணே, நாம முகத்தை வச்சுக்கிட்டு உக்கார்ற பக்கம்தானே முன்னால? சீட்டைத் திருப்பிப் போட்டுட்டா?”

மூன்று பேருக்கும் புல்லரித்துவிட்டது. “குடும்பத்துல ஒரு ஆளாவது விவரமா பிறந்திருக்கு!” என்று பெத்தணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பின் சீட்டைக் கழற்றி மாப்பிள்ளை வீட்டிலேயே போட்டுவிட்டு, முன் சீட்டைத் திருப்பி மாட்டினார்கள். தங்கச்சியை நடுவில் வைத்து மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பெத்தணன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஸ்டியரிங்கைப் பிடித்தான். விருந்துக்கு வந்தவர்கள் தள்ளினார்கள். இரண்டே நிமிஷத்தில் கார் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது.

“அப்பாடா! சீட்டைப் பழையபடி மாட்டி ஓட்டிக்கிட்டுக் கிளம்புங்க மச்சான்” என்றான் அழகர்ராஜ்.

“பழையபடியா? மறுபடியும் அந்தப் பக்கம் பின்னாலன்னு ஆயிருமே மாப்ளை! அப்புறம் சந்துல பின்னாலதான் வந்தோம்னு நம்ம மேலயே பழி வரும். இப்ப இன்ஜினைப் போட்டாலும் முதுகுப் பக்கமாத்தான் போகும். தள்ளுங்க, நல்லாத்தான் வருது.”

சித்திரைக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். வாதாடினால் பொழுது சாயும். ஏழு வகைச் சோறு சாப்பிட்ட கூட்டம் மூச்சு வாங்க ஆறு மைலும் தள்ளியது. மாமியார் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியை எடுக்கிற நேரம், சித்திரைக்கனி வாசப்படி ஏறிவிட்டாள். அன்றிரவு மூன்று டம்ளர் ரசம் குடித்தாள்.

பத்து நாள் கழித்து ரிவர்ஸ் சக்கரம் வந்தது. சீட்டு திரும்பியிருப்பதைப் பாய் பார்த்தார்தான். கேட்டால் பதில் சொல்வார்களே என்று பயந்து கேட்கவில்லை. சக்கரத்தை மாட்டி, “இனிமே எப்படி வேணும்னாலும் ஓட்டுங்க” என்று அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் மூன்று பேரும் கோபமாகத் திரும்பி வந்தார்கள்.

“என்ன பாய், உங்களை எவ்வளவு நம்பினோம்! கியரையெல்லாம் மாத்தி மாட்டிட்டீங்களே!” என்றான் பெத்தணன். “முன்னால போறதுக்கு ஒரே ஒரு கியர். பின்னால போறதுக்கு நாலு! அவ்வளவு தூரம் பின்னால போயி நாங்க என்ன பண்ணப் போறோம்?”