நெரிஞ்சிப்பாடி கோட்டையைக் காப்பாத்துன கதை

நெரிஞ்சிப்பாடி வழியா தினமும் பஸ் போகும். நிக்கத்தான் நிக்காது. இதனாலயே கொளஞ்சியோட சம்சாரம் அஞ்சலை சந்தைக்கு நடந்தே சுமந்த கத்தரிக்காக் கூடையை அவன் தலையில வச்சுட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. "என்னைக்கு இந்த ஊர்ல பஸ் நிக்குதோ, அன்னைக்கு அதுலயே வந்து எறங்குறேன்"னு சொல்லிட்டுத்தான் போனா.

அப்பத்தான் பழங்காலத்து இடமெல்லாம் பாக்குற ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. ரோட்டோரமா ஒரு மண்மேடு, அதைச் சுத்தி ஒரு பள்ளம். சுத்திச் சுத்திப் பாத்தாரு.

"அகழி மாதிரிதான் தெரியுது. ஆனா சூளைக்கு மண்ணெடுத்த குழியாவும் இருக்கலாம். கோட்டைன்னா வெளியாள் லேசுல உள்ள நுழைய முடியாது. யாராச்சும் நுழையுறாங்களான்னு கவனிச்சு வையுங்க, வெள்ளிக்கிழமை வர்றேன். கோட்டைன்னு உறுதியாச்சுன்னா நாலு பேரு பாக்க வருவாங்க, பஸ்ஸும் நிக்கும்."

கொளஞ்சிக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. கூட்டாளிங்க மாயவனையும் வீராசாமியையும் கூட்டிக்கிட்டுப் போய்க் கவனிக்க உக்காந்தான்.

மொதல்ல ஒரு ஆடு பள்ளத்துல எறங்கி, மேட்டுல ஏறி, மேய ஆரம்பிச்சுது.

"போச்சு. ஆடே நுழைஞ்சிருச்சு"ன்னான் மாயவன்.

"யாரு ஆடு?"

"என்னுதுதான்."

"அப்ப உள்ளூரு. அதை எதிரின்னு சொல்லக்கூடாது. நம்ம படைன்னு வச்சுக்க"ன்னு தீர்ப்பு சொன்னான் வீராசாமி.

அடுத்து ஒரு உப்பு வியாபாரி சைக்கிளை நிறுத்திட்டு, ஒதுங்குறதுக்காக மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டு வந்தாரு. அவரு அசலூரு. கொளஞ்சி தலையில கூடை இன்னும் கனத்துச்சு.

"அகழியில தண்ணி இல்ல, அதான்"னு கடைசியில கண்டுபிடிச்சான் மாயவன்.

வெள்ளிக்கிழமை காலையில ஏரி மடையைத் தொறந்துவிட்டாங்க. பள்ளம் ரொம்புச்சு. மூணு பேரும் ஆட்டையும் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறி, கம்போட நின்னாங்க.

ஆபீசர் வந்து, தண்ணியில எறங்க செருப்பைக் கழட்டினாரு.

"சார், நில்லுங்க. நீங்க எந்த ஊரு?"ன்னான் கொளஞ்சி.

"ஏம்ப்பா, நான் உள்ள வந்து பாத்தாத்தானே கோட்டைன்னு சொல்ல முடியும்?"

"நீங்க உள்ள வந்துட்டா அப்புறம் அது கோட்டையா சார்?"

ஆபீசர் செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

அதுக்குள்ள அகழித் தண்ணி பொங்கி ரோட்டுல ஏறிடுச்சு. வந்த பஸ் தண்ணியைப் பாத்து நின்னுச்சு. கண்டக்டர், "நெரிஞ்சிப்பாடி எறங்கு"ன்னாரு. கோட்டைச் சேதி கேட்டுக் கெளம்பி வந்த அஞ்சலை படியில நின்னா.

"பெரிய படையா வருதுடா"ன்னான் வீராசாமி.

மூணு பேரும் கம்பைச் சுத்திக்கிட்டு ஓடிவந்தாங்க.

"யோவ், நான்தான்யா"ன்னா அஞ்சலை.

"தெரியுது புள்ள. ஆனா தையிலேருந்து நீ உங்கம்மா ஊரு. இப்ப உன்னை விட்டா எல்லாம் கெட்டுச்சு. செத்த பொறுத்துக்க"ன்னு கெஞ்சிக்கிட்டே பஸ்ஸை ஓங்கித் தட்டினான் கொளஞ்சி. டிரைவர் பயந்துபோய், அஞ்சலையோடவே தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் பறந்துட்டாரு.

"அவ்வளவு பெரிய பஸ்ஸே நுழைய முடியல. இது கோட்டைதாண்டா"ன்னான் மாயவன்.

கொளஞ்சி நேரா வீட்டுக்குப் போனான். குளிச்சு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து ரோட்டோரமா நின்னான்.

கோட்டைன்னு உறுதியாயிடுச்சுல்ல, இனி பஸ் நிக்குமே.